மூன்றாவது எழுத்து

போன தை மாதத்தில் ஒரு நாள் காலை, லேப் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சேலத்து ஆஸ்பத்திரி கவர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் வந்து நின்றான். அவன் அப்பாவுக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை பார்த்துக் கொடுப்பது நான்தான். ஒன்றரை ஏக்கர் தக்காளி, நாலு கறவை மாடு என்று இருப்பவர். புரோஸ்டேட் ஆபரேஷனுக்காகப் பன்னிரண்டு நாள் சேலத்தில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பினார். ஒரு வாரத்திலேயே குளிர்ஜுரம் கண்டு, மறுபடி அங்கேயே சேர்த்திருந்தார்கள்.

"அக்கா, இதுல என்.டி.எம்.னு போட்டிருக்காங்க. செல்லுல தேடிப் பார்த்தா நியூ டெல்லின்னு வருது. எங்கப்பா தொப்பூர் கணவாயைத் தாண்டினதே வாழ்க்கையில அஞ்சாறு தடவைதான். டெல்லி எங்கிருந்துக்கா வந்துச்சு?"

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். "சின்ன வயசுல உனக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கா?" என்று கேட்டேன். வந்திருக்கு என்றான். "அதுக்கு மெட்ராஸ் போயிட்டு வந்தியா?" என்றேன். அவன் முகம் கொஞ்சம் இளகியது.

அன்றைக்குப் பத்து நிமிஷம்தான் பேச முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நல்லம்பள்ளியில் என் லேப் பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சென்ட்ரிஃபியூஜ், ரத்தம் பார்க்கும் மெஷின், ஃப்ரிட்ஜ். சந்தை நாளில் கூட்டம் அதிகம். ஆடு விற்க வந்தவர்கள் பணம் கையில் இருக்கும்போதே சர்க்கரையும் உப்பும் பார்த்துவிட்டுப் போவார்கள். கல்ச்சர் இங்கே போடுவதில்லை. மாதிரியை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, மதியத்துக்குள் தர்மபுரிக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் கல்ச்சர் என் கைக்குப் பழகிய வேலை. டி.எம்.எல்.டி. படிப்பு முடித்ததும் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் பிரிவில் ஒன்பது வருஷம் அதைத்தான் செய்தேன்.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர் புரியாது.

முதல் நாள், சிறுநீரையோ சீழையோ கம்பி லூப்பில் தொட்டு பிளேட்டில் இழுத்துவிடுவோம். மறுநாள் கிருமி புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். நாலைந்து புள்ளியைத் தொட்டு உப்புநீரில் கரைத்து, கலங்கலை அளவுக்குக் கொண்டுவந்து, பஞ்சுக் குச்சியால் முல்லர்-ஹின்டன் பிளேட் முழுக்கத் தடவுவோம். வாசலில் சாணம் மெழுகித் தெரிந்த கைக்கு இது சீக்கிரம் படிந்துவிடும். எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும், ஓரிடமும் விட்டுப்போகக் கூடாது. அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்ன காகித வில்லைகளை வைப்போம். அவற்றை டிஸ்க் என்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் குறுக்களவு. இரவு முழுக்க இன்குபேட்டரில் இருக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். அதற்கு சோன் என்று பெயர். ஸ்கேல் வைத்து அளந்து, இந்த மருந்து கேட்கும், இது கேட்காது என்று எழுதுவோம். பாவரும் கிர்பியும் அவர்களோடு இருந்தவர்களும் 1966-ல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை இது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது.

வட்டமே விழவில்லை என்றால் சைபர் என்று எழுத மாட்டோம். 6 என்று எழுதுவோம். வில்லையின் சொந்த அளவு அது. கிருமி வில்லையின் விளிம்பு வரைக்கும் வந்து ஒட்டி நிற்கிறது என்று அதற்கு அர்த்தம்.

2010-க்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் நடந்தது இது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த சிறுநீர். மெக்கான்கி பிளேட்டில் ரோஜா நிறத்தில் பளபளவென்று வளர்ந்திருந்தது. லூப்பால் தொட்டுத் தூக்கினால் வெண்டைக்காய்ப் பிசின் மாதிரி நூலாக இழுபட்டது. கிளெப்சியெல்லா நிமோனியே. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, வாரம் நாலைந்து வரும். மறுநாள் டிஸ்க் வைத்த பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். 6, 6, 6, 6. கடைசியில் இருக்கும் இமிபெனெம், மெரோபெனெம் இரண்டும்கூட 6. இந்த இரண்டும் கார்பபெனெம் வகை மருந்துகள். மற்றதெல்லாம் தோற்ற பிறகு டாக்டர்கள் கைவைப்பது இவற்றில்தான்.

என்னுடைய தப்பு என்றுதான் நினைத்தேன். மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலம் அது. இமிபெனெம் டிஸ்க் சூடுபட்டால் வீரியம் குறைந்துவிடும். ஃப்ரீசரில் இருந்த குப்பி கெட்டிருக்கும் என்று, குணம் தெரிந்த ஈ. கோலை கிருமியை வைத்துச் சோதித்தேன். ஒவ்வொரு லேப்பிலும் இப்படி ஒரு கிருமியைச் சரிபார்ப்பதற்கென்றே பாதுகாத்து வைத்திருப்போம். மறுநாள் அதற்கு 28 மில்லிமீட்டர் வட்டம் அழகாக விழுந்திருந்தது. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் மேடம் பிளேட்டை வாங்கிப் பார்த்தார். அதிகம் பேசாதவர். "ஈ.டி.டி.ஏ. வைங்க" என்றார்.

ஈ.டி.டி.ஏ. என்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ரத்த அணு எண்ணிக்கைக்கு ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி டியூபில் ஊற்றுகிறோமே, அதற்குள் இருப்பது அதுதான். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ரத்தம் உறையாது. பல உலோக அயனிகளைக் கவ்விப் பிடிப்பது அதன் குணம். இரண்டு இமிபெனெம் வில்லைகளை வைத்து, ஒன்றின்மேல் மட்டும் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுவிட்டேன். மறுநாள் வெறும் வில்லையைச் சுற்றி அதே 6. ஈ.டி.டி.ஏ. சேர்ந்ததைச் சுற்றி 20.

முந்தின நாள் வரை மருந்தைத் தின்றுகொண்டிருந்த ஒன்று, உலோகத்தைப் பிடுங்கியதும் கை ஓய்ந்து போயிருந்தது. அந்த இரண்டு வட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த பிளேட்டை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

என்.டி.எம். என்ற பெயரில் மூன்றாவதாக வரும் எழுத்து இதைத்தான் சொல்கிறது. முழுப்பெயர் நியூ டெல்லி மெட்டலோ பீட்டா-லாக்டமேஸ். பின்னாலிருந்து படித்தால் நன்றாகப் புரியும். 'ஏஸ்' என்று முடிந்தால் அது நொதி. 1833-ல் பிரான்சில் பாயனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து பிரித்த நொதிக்கு டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் வால்தான் இன்றைக்குப் பெரும்பாலான நொதிகளின் பெயரிலும் ஒட்டியிருக்கிறது. பீட்டா-லாக்டம் என்பது பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அத்தனைக்கும் நடுவில் இருக்கும் நாலு மூலை வளையம். அந்த வளையம் உடைந்தால் மருந்து செத்தது. அதை உடைக்கும் நொதி பீட்டா-லாக்டமேஸ். மெட்டலோ என்றால் உலோகம். இந்த நொதியின் நெஞ்சுக்குள் துத்தநாக அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் உதவியால் கார்பபெனெம் வரைக்கும் உடைக்கிறது. என்.டி.எம்-1 என்று எழுதும்போது கடைசியில் வரும் 1, அந்த வகையில் முதலாவது என்பதற்காக. இப்போது அந்த எண் 30-ஐத் தாண்டிப் போய்விட்டது.

இதில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. பெனிசிலினை உடைக்கும் நொதி பாக்டீரியாவில் இருக்கிறது என்று ஆபிரகாமும் செயினும் எழுதியது 1940-ல். ஆக்ஸ்ஃபோர்டில் நோயாளியான ஒரு போலீஸ்காரருக்குச் சிகிச்சைக்காக முதன்முதலாகப் பெனிசிலின் ஊசி போட்டதே 1941 பிப்ரவரியில்தான். மருந்து நோயாளியிடம் போய்ச் சேரும் முன்பே எதிரியைக் கண்டு சொல்லிவிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். என் பிளேட்டை வைத்து அது என்.டி.எம். தான் என்று சொல்ல முடியாது. உலோக நொதி என்ற வரைக்கும்தான் சொல்லலாம். என்.டி.எம். என்று உறுதிசெய்ய மரபணுச் சோதனை வேண்டும். அந்த வசதி அப்போது எங்களிடம் இல்லை. முதல் இரண்டு எழுத்தையும் லேப் மேஜையில் வைத்துப் படிக்க முடியாது. மூன்றாவதைத்தான் படிக்க முடியும். நோயாளிக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிக்குக் கோலிஸ்டின் ஆரம்பித்தார்கள். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தது. அவர் தேறினாரா என்று எனக்குத் தெரியாது. லேப்புக்கு வருவது படுக்கை எண்ணும் குப்பியும்தான். மறுவாரம் அதே படுக்கை எண்ணில் வேறு பெயர் வந்தது.

டெல்லி எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த, ஸ்வீடனில் வாழ்ந்த ஒருவர், வயது 59, 2007-ல் இந்தியா வந்த இடத்தில் புது டெல்லியில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. 2008 ஜனவரியில் ஸ்வீடன் திரும்பி அங்கே சேர்ந்தபோது அவருடைய சிறுநீரில் ஒரு கிளெப்சியெல்லா கிடைத்தது. அதில் அதுவரை யாரும் காணாத உலோக நொதி. டோங்குன் யோங், கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோதி வால்ஷ் முதலானோர் 2009 டிசம்பரில் அதை வெளியிட்டார்கள். பெயரில் டெல்லியைச் சேர்த்தார்கள். நாங்கள் செய்த ஈ.டி.டி.ஏ. சோதனை இருக்கிறதே, இமிபெனெமோடு அதைச் சேர்த்து, வட்டம் 7 மில்லிமீட்டராவது பெருகினால் உலோக நொதி என்ற கணக்கை 2002-ல் எழுதியதும் கொரியாவைச் சேர்ந்த அதே யோங்தான்.

ஊர்ப்பெயர் வைப்பது அந்தத் துறையில் வழக்கம். இத்தாலியின் வெரோனாவில் கிடைத்தது விம். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கிடைத்தது எஸ்.பி.எம். சியோலில் கிடைத்தது சிம். ஜெர்மனியின் பெயரில் ஜிம். நம் ஊரில் அடிக்கடி பேசும் சி.டி.எக்ஸ்-எம். நொதியில் கடைசி எம், மியூனிக் நகரம். டெம் என்ற நொதிக்கு அதையும்விடப் பழைய கதை. 1960-களில் ஏதென்ஸில் டெமோனியெரா என்ற பெண் நோயாளியிடம் எடுத்த கிருமியிலிருந்து வந்ததால், அவர் பெயரின் முதல் மூன்று எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். கேட்டபோது எனக்கு மனசு கஷ்டப்பட்டது. ஒரு பெண்ணுடைய பெயர், அவருக்கு வந்த கிருமியின் ஆயுதத்துக்கு நிரந்தரமாக ஒட்டிப்போயிற்று.

2010 ஆகஸ்டில்தான் புயல். 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் ஒரு கட்டுரை. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்தவர். சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற ஊர்களிலிருந்து 73 என்று என்.டி.எம்-1 உள்ள கிருமிகளை அதில் கணக்குக் காட்டியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக்காக இந்தியா வருகிறவர்களைப் பற்றிய எச்சரிக்கையும் இருந்தது. பத்திரிகைகள் அதை 'சூப்பர்பக்' என்றன. நாடாளுமன்றத்தில் பேசினார்கள். இந்தியாவுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கும் சதி என்றார்கள். எங்கள் லேப்பில் டீ நேரம் முழுக்க அதே பேச்சுதான். நானும் அப்போது கோபப்பட்டேன். நம் தலைநகரின் பெயரை எப்படி வைக்கலாம் என்று எல்லோரையும் போல நானும் கேட்டேன்.

பெயர் தப்புத்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே 2011 ஜனவரியில் அந்தப் பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். 2015 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், புது நோய்களுக்கு ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ வைக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கொரோனா திரிபுகளுக்கு 2021-ல் ஆல்ஃபா, டெல்டா என்று கிரேக்க எழுத்தை வைத்தது அந்த எண்ணத்தில்தான்.

ஆனால் அந்தக் கோபத்தில் நாம் இழந்தது அதிகம். லான்செட் கட்டுரைக்கு ஐந்து மாதம் முன்னாலேயே, மும்பை ஹிந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள் நம் நாட்டு மருத்துவர்களின் இதழிலேயே எழுதியிருந்தார்கள். மூன்று மாதத்தில் அங்கே கிடைத்த, கார்பபெனெமுக்கு அடங்காத 24 கிருமிகளில் 22-ல் என்.டி.எம்-1. அந்த இந்தியக் கட்டுரையின் தலைப்பிலேயே நியூ டெல்லி என்ற பெயர் இருந்தது. அப்போது யாரும் சத்தம் போடவில்லை, அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படவுமில்லை. வெளிநாட்டார் சொன்னதும் முதல் இரண்டு எழுத்துக்காகச் சண்டைபோட்டோம். மூன்றாவது எழுத்து அதுபாட்டுக்கு வார்டு வார்டாக நடந்துகொண்டிருந்தது. அதைக் கணக்கெடுத்தவர் நம்முடைய சென்னையில் பிளேட் போட்டவர் என்பதை நினைத்து நாம் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நான் இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். 6 என்று என் கையால் எழுதிய பிறகு.

அந்த மூன்றாவது எழுத்து எப்படி நடந்து வருகிறது? அந்த ஸ்வீடன் நோயாளியிடமே விடை இருந்தது. அவருடைய மலத்தில் எடுத்த ஈ. கோலையிலும் அதே மரபணு இருந்தது. கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ. கோலைக்கு, அந்த மனிதரின் உடம்புக்குள்ளேயே கைமாறியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கொண்டுபோவது பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம். 1952-ல் ஜோஷுவா லெடர்பெர்க் வைத்த பெயர் அது. பூட்டுச்சாவியை ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்குவது மாதிரி என்று நினைக்க வேண்டாம். நகல் சாவி போட்டுக் கொடுப்பது. கொடுத்தவர் கையிலும் சாவி இருக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கை, சிறுநீர்க் குழாய், கழுவாத கை, சாக்கடை, எல்லாம் அதற்கு வழி. டெல்லியில் வால்ஷ் குழுவினர் பார்த்து 2011-ல் வெளியிட்ட கணக்கில், தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய்நீர் 50-ல் 2-லும் அந்த மரபணு இருந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது. மருந்துக்கடை. "ஜுரம், ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுங்க" என்று வாங்கி, மூணு வேளை போட்டு, வியர்த்ததும் நிறுத்திவிடுவது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய சென்னைப் பிரகடனம் இதற்கெல்லாம் படிப்படியாகக் கட்டுப்பாடு வேண்டும் என்றது. 2014 மார்ச் 1 முதல் எச்-1 பட்டியல் வந்தது. கார்பபெனெம் உள்ளிட்ட மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பண்ணை விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019-ல் தடைசெய்தார்கள். அன்று அந்தப் படுக்கைக்குப் போன மருந்து அதுவேதான் என்பதால், அந்தத் தடைச் செய்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

என் வீட்டிலேயே நடந்தது ஒன்று. என் மாமியாருக்குச் சிறுநீர் எரிச்சல், இடுப்பு வலி. நான் சேலத்தில் டூட்டி. ஒரு கடையில் கேட்டு இரண்டு நாள் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். நான் வந்து மாதிரி எடுத்து, என் கையாலேயே கல்ச்சர் போட்டேன். பிளேட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினேன். கிருமியே இல்லை என்று எல்லோரும் நிம்மதியானார்கள். உண்மையில், உள்ளே போயிருந்த மருந்து கிருமியைப் பிளேட்டில் வளரவிடாமல் அமுக்கியிருந்தது, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து அது ரத்தத்தில் ஏறி, அவர் ஒன்பது நாள் படுத்திருந்தார். பிழைத்துக்கொண்டார். மாதிரிக்கு முன்னால் மாத்திரை போட்டாரா என்று கேட்காமல் விட்டவள் நான். அன்றிலிருந்து யாருக்கும் குப்பியைக் கையில் கொடுக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை.

அந்தப் பையனின் அப்பா தை கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததில் தேறினார். "ஊர்ல சொன்னா ஒதுக்கிவெச்சிருவாங்களா அக்கா? ரிப்போர்ட்டைக் கிழிச்சிடட்டுமா?" என்று அவன் கேட்டான். கிழிக்காதே என்றேன். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சர்க்கரை நோட்டோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். காய்ச்சல் போன பிறகும் அந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் சும்மா இருக்கலாம். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், முதல் நாளே டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டினால் சரியான மருந்தை முதல் நாளே எடுப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கச் சொன்னால், கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எடுக்கச் சொன்னால், முதல் மாத்திரைக்கு முன்னால் மாதிரியைக் கொடுங்கள். முன்பே ஏதாவது போட்டிருந்தால் லேப்பில் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட் எதையும் தூக்கிப்போடாதீர்கள். அதில் என்.டி.எம். என்று இருந்தால், ஆஸ்பத்திரிக் கவுன்டரில் பெயர், வயசு சொல்லும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.